நோவில்லாத புள்ள

இழுக்காதீங்க, இழுக்காதீங்க. புள்ள கண்ணுல தண்ணி வருது பாருங்க. மூக்குத்தித் திருகு இறுகிப்போயிருந்தா இழுத்தா வராதுங்க. இந்தாங்க, என்ர பையில தேங்காண்ணெய் இருக்குது, ஒரு சொட்டு உட்டு, சித்த நேரம் சும்மா உடுங்க. அம்மிணி, மூஞ்சியத் தூக்கு கண்ணு. நான் பாக்கறேன். ம்... வந்துருச்சு பாருங்க. இத முந்தானையில முடிஞ்சு வச்சுக்குங்க. கொலுசு, தோடு, அரணாக்கொடி, துணியில குத்துன ஊக்கு எல்லாம் கழட்டியாச்சுங்களா? உள்ள இருக்கறது காந்த மெசினுங்க. ஒரு குண்டூசி இருந்தாலும் உடமாட்டாங்க.

போயிட்டு வா கண்ணு. பயப்படாத. தடதடன்னு சத்தந்தான் கேக்கும், ஒண்ணும் பண்ணாது. கையில ஒரு ரப்பர் பந்து குடுப்பாங்க. முடியலைன்னா அத அமுக்கு. மணி அடிக்கும், ஒடனே வெளிய இழுத்துருவாங்க. போ.

நீங்க உக்காருங்க. நின்னா மட்டும் சீக்கிரம் முடியப்போகுதா? மொத வாட்டி நானும் இப்பிடித்தான் நின்னுட்டே இருந்தேன். அந்தக் கதவுக்கு அக்கட்டாலதான் மணி. அடிச்சா இங்க வரைக்கும் கேக்கும். அடிக்கலைன்னா புள்ள நல்லா இருக்குதுன்னு அர்த்தம். அதுக்குத்தானுங்க அத வச்சிருக்கறாங்க.

எனக்குத் திருப்பூருங்க. சாரதாமணின்னு பேரு. பனியன் கம்பெனில செக்கிங். கல்யாணத்துக்கு முந்தியிருந்தே அதே வேலைதான். துணிய மேசையில விரிச்ச மாத்திரத்துல, ஒரு தையல் உட்டுப்போயிருந்தாலும் என்ர கண்ணுக்குத் தப்பாது. சூப்பர்வைசரே, அக்கா பாத்துட்டாங்கன்னா மறுக்காப் பாக்க வேண்டாம்பாரு. என்ர பெரியவ மிதுனாவ மேல மாடிக்குக் கூட்டீட்டுப் போயிருக்கறாங்க, நடக்க உட்டுப் பாக்கறதுக்கு. உங்க பாப்பா வெளிய வந்தப்பறந்தான் அவ உள்ள போகோணும். ஞாயித்துக்கெழமைதான் இந்த ஆராய்ச்சிக்கு மெசினக் காலியா உடறாங்களாம். அதனால நாம பேசீட்டே இருக்கலாம்.

உங்க பாப்பாவுக்கு எங்கீங்க நோவு? முதுகுங்களா. அய்யோ பாவம். என்ர பெரியவளுக்குக் காலு.

பள்ளிக்கூடத்துல படியில வழுக்கி உழுந்தாளுங்க, அவ்வளவுதான். கணுக்காலு சுளுக்கு. கட்டுப் போட்டாங்க, வீக்கம் வத்துச்சு, கட்டப் பிரிச்சாங்க. நோவு மட்டும் போகலீங்க. கணுக்கால்ல இருந்தது மொழங்காலுக்கு ஏறுச்சு, அப்பறம் இடுப்புக்கு ஏறுச்சு. போர்வை பட்டாக்கோட கத்துவா. ஃபேன் காத்துப் பட்டா நோவுதும்மாங்கறா. எத்தன டாக்டருங்க! எல்லாரும் படத்த வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, எலும்பு நல்லா இருக்குது, நரம்பு நல்லா இருக்குது, ரத்தம் நல்லா இருக்குதுன்னு சொல்லியே தாட்டி உட்டாங்க. எல்லாம் நல்லா இருக்குதுன்னு சொல்லக் கேட்டு அழுத அம்மா இந்த ஒலகத்துல நானாத்தான் இருப்பேன்.

அதுக்கப்பறம்தான் பேச ஆரம்பிச்சாங்க. நங்கையா, அதாவது எங்கூட்டுக்காரரோட அக்கா, ஒரு கல்யாண ஊட்டுல பந்தியில வச்சே சொல்லீட்டாங்க. "சாரதா, அவ நடிக்கறா. படிக்கறதுக்குக் கள்ளம். முதுகுல ரெண்டு போடு, எந்திரிச்சு ஓடுவா"ன்னு. எனக்கு வந்த ஆத்தரத்துக்கு எலையில சோத்த அப்பிடியே உட்டுட்டு எந்திரிச்சுட்டேன். "எம்புள்ள நோவுதுன்னு சொன்னா நோவுது. அவ மேலு அவளுக்குத் தெரியுமா, உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன். மண்டபமே திரும்பிப் பாத்துச்சுங்க. எங்கூட்டுக்காரரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. கேட்டது கேட்டதுதான். இன்னைக்கும் அந்தப் பேச்ச நான் மாத்த மாட்டேன்.

அப்பறம் ஆரோ சொல்லி இந்தக் கோகிலவாணி டாக்டரம்மாகிட்ட வந்தோம். அவங்கதான் மொதல் மொதலா, "மிதுனா, நீ சொல்றத நான் நம்பறேன்"ன்னு சொன்னது. எம்புள்ள அந்த நாற்காலியிலயே ஓன்னு அழுதுட்டா. மண்டைக்குள்ள ஒரு மணி இருக்குதுங்களாம். அடி பட்டா அது அடிக்கோணும், ஆறீட்டா நிக்கோணும். சில புள்ளைங்களுக்கு ஆறுன பொறவும் அது நிக்காம அடிச்சுட்டே கெடக்குமாம். நோவு நெசந்தான், காயந்தான் இல்லைன்னாங்க. அது எப்பிடி அடிக்குது, எதனால நிக்க மாட்டேங்குதுன்னு பாக்கறதுக்குத்தான் இந்த மெசினு.

எனக்குக் கைல தங்கம் கெடச்ச மாதிரி இருந்துச்சு. "டாக்டரம்மா, அந்தப் படத்தப் பெருசாப் போட்டு ஒண்ணு குடுங்க. கண்ணாடி மாட்டிக் கொண்டுபோயி எங்க நங்கையா ஊட்டுச் செவுத்துல அடிச்சுட்டு வர்றேன்"னேன். அவங்க சிரிச்சாங்க. அப்பறம் சொன்னாங்க, ஒரு பாப்பா படத்த வச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்ல முடியாதுங்கம்மா, நோவு இருக்கற புள்ளைங்க கொஞ்சப் பேரு, நோவு இல்லாத புள்ளைங்க கொஞ்சப் பேரு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும், அதுவும் மொத்தமாத்தான் தெரியும்னு. நோவு இருக்கற புள்ளைங்க வரிசையில நிக்கறாங்க, இல்லாத புள்ளைங்கதான் கெடைக்க மாட்டேங்கறாங்கன்னாங்க. வாஸ்தவந்தானுங்களே? நல்லா இருக்கற புள்ளைய ஆரு கொண்டாந்து மெசினுக்குள்ள படுக்க வப்பாங்க?

நான் கையத் தூக்கீட்டேன். எனக்குத்தான் இருக்குதே ஒண்ணு.

சின்னவ. இலக்கியா. பெரியவளுக்கும் அவளுக்கும் ஒன்னர வருசந்தான் வித்தியாசம். ஒரே ஊடு, ஒரே சோறு, ஒரே பள்ளிக்கூடம். இவளுக்கு நோவு, அவளுக்கு இல்ல. இதவிட நல்ல ஜோடி எங்கீங்க கெடைக்கும்? டாக்டரம்மாவே சந்தோசப்பட்டாங்க.

அவளப் பத்திச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. தலைவலின்னு ஒரு நாளு படுத்ததில்ல. பெரியவளுக்கு வந்தப்பறம் அவதான் எனக்கு ரெண்டாவது கையி. நாங்க இருக்கறது லைன் ஊடு, மாடியில. கீழ இருந்து தண்ணி அவதான் தூக்குவா. பள்ளிக்கூடத்துல அக்கா பை ஒரு தோள்ல, அவ பை ஒரு தோள்ல, மூணாவது மாடி வரைக்கும். அக்காவ பாத்ரூமுக்குத் தாங்கிக் கூட்டீட்டுப் போறதும் அவதான். "இந்த ஊட்டுல ஒருத்தியாச்சும் நல்லா இருக்கறாளே, அது போதுஞ்சாமி"ன்னு நான் வெளக்கு வைக்கறப்பெல்லாம் வாய் உட்டுச் சொல்லுவேன். அவ பக்கத்துல நின்னுட்டுத் திரி போட்டுக் குடுப்பா.

கொறை இல்லாத புள்ள உண்டுங்களா, அவளுக்கும் இருக்குது. கொடத்தத் தூக்கீட்டு வர்றவ பாதிப் படியில இறக்கி வச்சுட்டு உக்காந்துக்குவா. போனு பாக்கறதுக்கு. கையில போனக் காணோம், எங்கயோ ஒளிச்சு வச்சுக்குவா போலிருக்குது. சோறு உக்காந்து திங்க மாட்டா, நின்னுட்டே அள்ளிப் போட்டுட்டு ஓடுவா, அவ்வளவு அவசரம். கோகோ நல்லா வெளையாடுவா, டீம்ல சேத்தியிருந்தாங்க, திடுதிப்புன்னு போக மாட்டேன்னுட்டா. சோம்பேறித்தனம். பாய் வேண்டாம்னு வெறுந்தரையில, இடுப்புக்கடியில துண்டச் சுருட்டி வச்சுக்கிட்டுப் படுப்பா. நம்மூரு வெக்கைக்குத் தரைதான் குளுகுளுன்னு இருக்கும்.

மணி ஒண்ணும் அடிக்கலீங்க, நீங்க ஏன் கதவையே பாக்கறீங்க? தண்ணி குடிங்க.

கூட்டீட்டு வர்றதுக்கு முந்தின நாளே அவளுக்குச் சொல்லீட்டேன். "கண்ணு, உனக்கு நோவில்லைன்னு காட்டறதுக்குத்தான் போறோம். ஆடாம அசையாமப் படுத்துக்கோணும். நீ அசஞ்சயின்னா படம் கெட்டுப்போயிரும். படம் கெட்டுப்போச்சுன்னா அக்கா நடிக்கறான்னு ஊரே சொல்லும். உன்ர கையிலதான் இருக்குது"ன்னேன். செரிங்கம்மான்னா. அவ எதுக்கும் செரிங்கம்மாதான்.

இங்க வந்தா அந்த டாக்டரம்மா ஆயிரங் கேள்வி. தலை நோவுதா, வயிறு நோவுதா, முதுகு நோவுதான்னு. நானே எல்லாத்துக்கும் பதில் சொல்லீட்டேன். இல்லீங்க, இல்லீங்க, ஒண்ணுமே இல்லீங்க. டாக்டரம்மா, "இலக்கியா, நீ சொல்லு"ன்னாங்க. அவ என்ர மூஞ்சியப் பாத்தா. "இல்லீங்க"ன்னா. பாத்தீங்களா, நான் சொன்னதையேதான் சொன்னா.

உள்ள போனா. பெரியவ மொத நாளு போனப்பப் பாதியிலயே பந்த அமுக்கீட்டா, கீன்னு மணி அடிச்சுருச்சு, எல்லாரும் ஓடுனாங்க. சின்னவளுக்கு மணியே அடிக்கல. முக்கா மணி நேரத்துக்கு மேலயே இருக்கும். நான் இதே பெஞ்சுல உக்காந்துட்டு, பெருமையில நெஞ்சு நெறஞ்சு போயிருந்தேங்க. பக்கத்துல இருந்தவங்ககிட்டக்கோட சொன்னேன், எம்புள்ள கல்லாட்டம் படுத்திருக்கறா பாருங்கன்னு.

உள்ள கட்டை வெரல்ல ஒரு கருவிய மாட்டி அமுக்குவாங்க, தெரியுங்களா? கொஞ்சமா, அப்பறம் எச்சா, அப்பறம் இன்னும் எச்சா. எவ்வளவு நோவுதுன்னு சைபர்ல இருந்து பத்து வரைக்கும் பட்டன அமுக்கிச் சொல்லோணும். நோவில்லாத புள்ளைங்களுக்கும் அதப் பண்ணுவாங்க. எங்க சின்னவ எல்லாத்துக்கும் சைபர் போட்டாளாம். எவ்வளவு அமுக்குனாலும் சைபர். மெசினுக்காரத் தம்பிக்கே ஆச்சரியமாப் போச்சு. எவ்வளவு திடமான புள்ளைன்னு நான் பூரிச்சுப் போனேன். டாக்டரம்மா மூஞ்சி மட்டும் செரியில்ல. "நல்லா இருக்கற புள்ளைங்களும் மூணு, நாலு போடுவாங்கம்மா. வெரல அமுக்குனா ஆருக்கும் நோவும். சைபர்னு ஒரு புள்ளையும் போட்டதில்ல"ன்னாங்க.

அப்பறம் பாத்தா, படுத்தவ எந்திரிக்கலீங்க. மெசினுக்காரத் தம்பி தூக்கி உக்கார வச்சான். இடுப்பு புடிச்சுக்கிட்டு நிமுர முடியல. ஒதட்டக் கடிச்சு ரத்தம் வந்திருந்துச்சு. வெகு நேரம் அசையாமப் படுத்தா மரத்துப்போகும்தானுங்களே? நான் அதச் சொன்னேன். டாக்டரம்மா என்னைய வெளிய உக்காரச் சொல்லீட்டு, அவளத் தனியா ரூமுக்குள்ள கூட்டீட்டுப் போயிக் கதவச் சாத்தீட்டாங்க.

வெளிய வந்து என்ன சொன்னாங்க தெரியுங்களா? இவளுக்கு மூணு வருசமா இடுப்புல நோவாம். அக்கா படியில உழுகறதுக்கும் முந்தியிருந்தே நோவாம். உக்கார முடியாதாம், குனிய முடியாதாம், ராத்திரியில பொரண்டு படுக்க முடியாதாம். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "டாக்டரம்மா, அவ மேலு எனக்குத் தெரியாதுங்களா? நான் பெத்த மேலு. அக்காவப் பாத்துட்டு அவளாட்டமே நடிக்கறா. எல்லாரும் அக்காவையே தாங்கறாங்கன்னு பொறாம"ன்னேன். அவங்க என்னையே பாத்துட்டு நின்னாங்க. அந்தப் பார்வை எனக்குப் புடிக்கவே இல்லீங்க.

"படத்துல தெரிஞ்சுதுங்களா?"ன்னு கேட்டேன். "இல்லைங்கம்மா. ஒரு புள்ள படத்துல அதெல்லாம் தெரியாது. அவ சொன்னா, நான் நம்பறேன். நோவுக்கு அவ சொல்லுதான் சாட்சி"ன்னாங்க. அப்பறம் எதுக்குங்க இத்தன பெரிய மெசினு?

ஏன் பந்த அமுக்கலைன்னு டாக்டரம்மா கேட்டதுக்கு, "படம் கெட்டுருமில்லீங்க"ன்னாளாம். ஏன் அம்மாகிட்டச் சொல்லலைன்னு கேட்டதுக்கு, "ஊட்டுல ஒருத்தியாச்சும் நல்லா இருக்கோணுமில்லீங்க"ன்னாளாம். வயசுக்கு மீறுன பேச்சுப் பாத்தீங்களா? எங்கயிருந்துதான் கத்துக்கிட்டு வர்றாளோ தெரியல.

நோவில்லாத புள்ளைங்க லிஸ்டுல இருந்து அவ பேர எடுத்துட்டாங்க. ஜோடி ஒடஞ்சு போச்சுங்க. அதனால மிதுனா படத்துக்கு ஒண்ணும் ஆகலைன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க, ஆனாலும் என்ர மனசு ஆறல. பஸ்ஸுல திருப்பூரு போயிச் சேர்ற வரைக்கும் நான் அவகிட்டப் பேசல. ஒரு வார்த்த பேசல. சன்னலோரமா எடம் இருந்தும் அவ உக்காராம கம்பியப் புடிச்சு நின்னுட்டே வந்தா. ரோசம்.

நீங்க அப்பிடிப் பாக்காதீங்க. நான் என்ன கல் நெஞ்சுக்காரியா? சொல்லுங்க, எனக்கு எத்தன கையிங்க? ஒருத்தியத் தூக்கீட்டே நான் இத்தன நாளா ஓடியிருக்கறேன். கம்பெனில லீவு கேட்டுக் கேட்டு நாக்குத் தேஞ்சு போச்சு. ஒருத்திக்கு நோவுன்னா கூட நிக்கறதுக்கு இன்னொருத்தி இருக்கறா. ரெண்டு பேருக்குமேன்னா நான் எந்தச் செவுத்துல சாயறது? ரெண்டு பேரையும் நம்பறதுக்கு என்ர ஒடம்புல தெம்பு இல்லீங்க. இல்ல. நெஜமா இல்ல. அதனால அவளுக்கு ஒண்ணுமில்ல. அவ்வளவுதான்.

மிதுனா இப்பத் தேவலைங்க. உடற்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, வாரவாரம் ஒருத்தங்க ஒக்கார வச்சுப் பேசறாங்க. கம்பு இல்லாம நடக்கறா. போன வாரம் செருப்புப் போட்டா, நான் கதவச் சாத்தீட்டு அழுதேன். நல்லானதுக்கப்பறம் மண்டை எப்பிடி மாறியிருக்குதுன்னு பாக்கத்தான் இன்னைக்கு மறுபடியும் படம். காத்தால டாக்டரம்மா மொதக் கேள்வியே, "இலக்கியா எங்கம்மா? அவளையும் வைத்தியத்துக்குக் கூட்டீட்டு வாங்கன்னு எத்தன வாட்டி சொல்லியாச்சு?"ன்னுதான். டியூசன்னு சொல்லீட்டேன். டியூசனெல்லாம் இல்ல, ஊட்டுலதான் இருக்கறா. வேலை கெடக்குதுங்களே. ஞாயித்துக்கெழமை போர்வையெல்லாம் அலசோணும்.

இருங்க, போனு. அவளேதான்.

சொல்லு கண்ணு... அக்கா மேல இருக்கறா, இன்னும் உள்ள போகல... போர்வை அலசீட்டயா?... தண்ணி?... அத்தன கொடமும் நீயே தூக்குனயா?... ம்... ம்... ஏங்கண்ணு... இடுப்பு கிடுப்பு நோவுதா?... செரி. செரி சாமி. வையி.

இல்லைங்கறா. கேட்டீங்களா? நீங்களும் பக்கத்துலதான் இருக்கறீங்க. நோவுதான்னு கேட்டேன், கேட்டு முடிக்கறதுக்குள்ள இல்லீங்கம்மான்னுட்டா. இப்ப நான் எதைங்க நம்பறது? டாக்டரம்மாகிட்டச் சொன்னதும் அவ வாயிதான், இதும் அவ வாயிதான். பெத்தவகிட்டப் பொய் சொல்லுவாளா?

இல்லீங்க, அழுகல. கண்ணுல என்னமோ... இந்த ஏசி காத்து எனக்கு ஆகறதில்ல.

கொஞ்ச நாளா அவ சிரிக்கறது இல்லீங்க. முந்தியெல்லாம் திரி போட்டுக் குடுக்கறப்ப என்னமாச்சும் பேசீட்டே இருப்பா. இப்ப வெளக்கு வைக்கறப்ப நானும் ஒண்ணும் சொல்றதில்ல, அவளும் ஒண்ணும் சொல்றதில்ல. நெனச்சா நெம்ப வெசனமா இருக்குது. என்ன கொறையின்னு அவளாச் சொன்னாத்தானுங்களே எனக்குத் தெரியும்?

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? உக்காருங்க. எங்க போறீங்க? அய்யோ, கதவத் தட்டாதீங்க, பாதியில நிறுத்துனாப் படம் கெட்டுப்போயிரும். உங்க பாப்பாவுக்கு ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கறா. சொன்னாக் கேளுங்க. முடியலைன்னா அமுக்கியிருப்பாளுங்க.

மணியே அடிக்கலீங்களே.